கணக்கு சரி, காசு எங்கே?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ வந்து ஏதாவது பேசணும்ப்பா. ஆனா அட்வைஸ் மட்டும் வேண்டாம், பசங்க தூங்கிடுவாங்க" என்றார். அட்வைஸ் சொல்லக்கூடிய அளவுக்கு நான் ஒன்றும் சாதித்துவிடவில்லை. அதனால் நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அடுத்தவன் செய்த தப்பைக் கேட்பதென்றால் யாருக்கும் தூக்கம் வராது.

நான் 2010-இல் கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்து இங்கிருந்து வெளியேறியவன். எங்களுக்கு டேட்டாபேஸ் லேப் எடுத்த சாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. "சார், அவுட்புட் வந்துடுச்சு" என்று ரெக்கார்டு நோட்டை நீட்டினால் உடனே கையெழுத்துப் போட மாட்டார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். பெயர் கேட்கும் இடத்தில் ஒன்றுமே அடிக்காமல் எண்டரைத் தட்டுவார். வயது கேட்டால் மைனஸ் ஐந்து என்பார். புரோகிராம் குப்புற விழும். "எந்த இன்புட்டுக்குடா அவுட்புட் வந்துச்சு?" என்று கேட்பார். அன்றைக்கு எங்களுக்கு அவர் மேல் கோபம்தான். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரையும் சொல்லியிருப்பேன். முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக் கொண்டிருக்கிறாரே, அதனால் விட்டுவிடுகிறேன்.

அவர் கேட்ட அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் புரிய எட்டு வருடம் ஆயிற்று.

2018-இல் நான் வேலை பார்த்த சிறிய நிறுவனத்தில், கிராமங்களில் பால் சேகரிக்கும் ஓர் அமைப்புக்குக் கணக்கு எழுதும் மென்பொருள் செய்து கொடுத்தோம். எந்த ஊர், எந்த அமைப்பு என்பது இங்கே வேண்டாம். காலையிலும் மாலையிலும் விவசாயிகள் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு என்று அளந்து பதிவாகும். பத்து நாளைக்கு ஒருமுறை கணக்கு முடித்து, யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல் தயாரித்து வங்கிக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியல் தயாரிக்கும் பகுதி என் பொறுப்பு.

அப்போதுதான் நான் யூனிட் டெஸ்ட் எழுதக் கற்றுக் கொண்டிருந்தேன். இங்கே சிவில், மெக்கானிக்கல் படித்த நண்பர்களும் இருப்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் போடும்போது சிறு கட்டிகளாக எடுத்து நசுக்கிப் பார்க்கிறீர்கள் அல்லவா, அதுபோல, புரோகிராமின் ஒரு சிறு பகுதியைத் தனியே எடுத்து, 'இதைக் கொடுத்தால் இது வரவேண்டும்' என்று இன்னொரு சிறு புரோகிராம் எழுதிச் சோதிப்பதுதான் யூனிட் டெஸ்ட். சரியாக வந்தால் பச்சை, தப்பாக வந்தால் சிவப்பு. கென்ட் பெக் என்பவர் ஸ்மால்டாக் மொழிக்காக இந்த முறையில் ஒரு கருவி செய்தார். பிறகு 1997-இல் அவரும் எரிக் காமாவும் அட்லாண்டாவில் நடந்த ஒரு மாநாட்டுக்கு விமானத்தில் போகும்போது, ஜாவா மொழிக்காக 'ஜேயூனிட்' என்ற கருவியை எழுதத் தொடங்கினார்கள். இன்று அநேகமாக எல்லா மொழிக்கும் அதன் தம்பிகள் இருக்கின்றன.

கூட்டல் கழித்தலைச் சோதிப்பது சுலபம். டேட்டாபேஸோடு பேசும் புரோகிராமை எப்படிச் சோதிப்பது? இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். புத்தகங்களில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள்: உண்மையான டேட்டாபேஸைத் தொடாதே, அதற்குப் பதில் ஒரு போலி வைத்துக்கொள் என்று. நானும் செய்தேன். பைதானில் ஒரு லிஸ்ட். அதில் நான்கு உறுப்பினர்கள். இன்னொரு லிஸ்டில், பணம் நிறுத்தி வைக்க வேண்டியவர்களின் எண்கள் (வங்கிக் கணக்கு எண் தவறாக இருக்கிறவர்கள், அப்படி). முதல் லிஸ்டில் இருந்து, இரண்டாவதில் இல்லாதவர்களை எடு. அவ்வளவுதான். நாற்பது டெஸ்ட் எழுதினேன். நாற்பதும் பச்சை. டீம் லீடர் தட்டிக் கொடுத்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கணக்கு முடித்தார்கள். புரோகிராம் ஓடியது. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் வந்தது. ஃபைல் வங்கிக்குப் போயிற்று. அந்த ஃபைலில் ஒரு பெயர்கூட இல்லை.

யாரும் திறந்து பார்க்கவில்லை. மாலையில்தான் ஊரில் இருந்து போன் வர ஆரம்பித்தது. அடுத்த நாள் இரண்டாவது சனிக்கிழமை. அந்த நாட்களில் இரண்டாவது சனியும் ஞாயிறும் வங்கி வழியாக மொத்தமாகப் பணம் அனுப்ப வழியில்லை. சுமார் நானூறு குடும்பம். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எங்கள் மேனேஜர், "நீயே நேர்ல போய்ச் சொல்லிட்டு வா" என்று என்னை அனுப்பினார். சனிக்கிழமை காலை, பால் ஊற்றும் நேரத்துக்குப் போனேன். சண்டை போடுவார்கள் என்று நினைத்துப் போனேன். யாரும் சண்டை போடவில்லை. இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பாட்டி, கையில் கணக்குச் சீட்டோடு வந்தார். "ஏங் கண்ணு, பாலு ஊத்துனது சீட்டுல இருக்குது. கணக்கும் சரியாத்தான் இருக்குது. காசு மட்டும் எங்க போச்சு? இன்னைக்குச் சந்தை, புண்ணாக்கு வாங்கோணும்" என்றார். பக்கத்தில் இருந்த ஒருவர், "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறாம் ஆத்தா" என்றார். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு அங்கே சட்டையை இன் பண்ணிக்கொண்டு நின்றிருந்தது.

திரும்பி வந்து இரவு முழுக்க உட்கார்ந்து தேடினோம். காரணம் இதுதான். பணம் நிறுத்த வேண்டியவர்களின் பட்டியலை, அலுவலகத்தில் ஒருவர் எக்செல் ஃபைலாக ஏற்றியிருந்தார். அதன் கடைசி வரியில் 'மொத்தம்' என்று போட்டிருந்தார். அந்த வரிக்கு உறுப்பினர் எண் கிடையாது, காலி. அது டேட்டாபேஸுக்குள் 'நல்' ஆகப் போய் உட்கார்ந்துவிட்டது. பெயர்தான் 'நல்', ஆள் அவ்வளவு நல்லவர் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு ஆபீஸ் கிளார்க்கிடம் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு பெயர் மை கொட்டி அழிந்துவிட்டது. "முருகன் இந்தப் பட்டியலில் இல்லைதானே?" என்று கேட்கிறீர்கள். அவர் கறாரான ஆள். "அழிஞ்சுபோன பேர் யாருதுன்னு தெரியாம, இல்லைன்னு நான் எப்படிச் சார் சொல்றது?" என்பார். முருகனைப் பற்றி மட்டுமில்லை, யாரைப் பற்றிக் கேட்டாலும் 'இல்லை' என்று அவர் வாயில் இருந்து வராது. எஸ்க்யூஎல் அந்தக் கிளார்க். அதற்கு உண்டு, இல்லை, தெரியாது என்று மூன்று பதில்கள். 'நாட் இன்' என்று கேட்கும் பட்டியலுக்குள் ஒரே ஒரு 'நல்' இருந்தால், மற்றவர்கள் எல்லோருக்கும் பதில் 'தெரியாது'. உறுதியாக 'ஆம்' என்று வரும் வரிகளை மட்டும்தான் டேட்டாபேஸ் வெளியே விடும். ஆகவே ஒருவரும் வரவில்லை.

ஆனால் என் போலியில் இருந்தது பைதான் லிஸ்ட். பைதானுக்கு இந்தத் தெரியாத வேலையே தெரியாது. லிஸ்டில் காலியாக ஒன்று இருந்தாலும், "ஏழாம் எண் இதில் இல்லை, போகலாம்" என்று சொல்லிவிடும். அதாவது, அந்தக் காலி வரியையும் சேர்த்து நான் டெஸ்ட் எழுதியிருந்தாலும்கூட அது பச்சையாகத்தான் வந்திருக்கும்! என் நாற்பது டெஸ்டும் டேட்டாபேஸைச் சோதிக்கவில்லை. டேட்டாபேஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேனோ அதையே எனக்குத் திருப்பிச் சொன்னன. நானே கேள்வித்தாள் தயாரித்து, நானே எழுதி, நானே திருத்தி, நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்ட பரீட்சை அது.

அன்றிரவு கோடைத் திருத்தக் கை போனபோது, உடன் இருந்த சீனியர் ஒருவர் தடுத்தார். "இரு. முதல்ல இந்தத் தப்பை ஒரு டெஸ்ட்டா எழுது. அது சிவப்பா வரட்டும். அப்புறம் திருத்து" என்றார். உண்மையான போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஒன்றை என் மெஷினிலேயே ஏற்றி, மூன்று உறுப்பினர், நிறுத்தப்பட்டவர் ஒருவர், காலி வரி ஒன்று போட்டேன். இரண்டு பேர் வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்தது. சிவப்பு. பிறகு 'நாட் இன்' என்பதை 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றினேன். இரண்டு பேர் வந்தார்கள். பச்சை. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கக்கூடாது என்று டேபிளுக்கும் ஒரு கட்டுப்பாடு போட்டேன். அப்புறம் அந்தக் காலி வரியைப் போடவே முடியாது என்பதால் டெஸ்டை மாற்றி எழுத வேண்டி வந்தது: காலி வரி போட்டால் டேட்டாபேஸ் மறுக்க வேண்டும் என்று. நான் எழுதிய டெஸ்ட்களில் உருப்படியான முதல் டெஸ்ட் அதுதான்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட நான்கு பழக்கங்களைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். மாணவர்கள் இதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

முதலாவது, கணக்கையும் டேட்டாபேஸையும் பிரித்து வையுங்கள். கொழுப்பும் திடப்பொருளும் கொடுத்தால் லிட்டருக்கு என்ன விலை என்பது வெறும் கணக்கு. அந்தப் பங்ஷனுக்குள் ஏன் டேட்டாபேஸ் இணைப்பு இருக்க வேண்டும்? என் பழைய கோடில் ஒரே பங்ஷன் டேட்டாவை எடுக்கும், விலை போடும், திரும்ப எழுதும். அதைச் சோதிக்க ஊரையே கூட்ட வேண்டியிருந்தது, அதனால்தான் போலிகளைத் தேடிப் போனேன். பிரித்த பிறகு, கணக்குக்கு டேட்டாபேஸும் வேண்டாம், போலியும் வேண்டாம். அப்படிப் பிரித்தபோது இன்னொன்றும் அகப்பட்டது. பைசாவைத் தசமப் புள்ளி உள்ள ஃப்ளோட்டாக வைத்திருந்தோம். 0.1-உம் 0.2-உம் கூட்டினால் ஃப்ளோட்டில் சரியாக 0.3 வராது. பணத்துக்கு டெசிமல் வகைதான் வேண்டும்.

இரண்டாவது, டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை, உண்மையில் ஓடப்போகும் அதே வகை டேட்டாபேஸில் சோதியுங்கள். வேகமாக இருக்கிறதே என்று நாங்கள் சில மாதம் எஸ்க்யூலைட்டில் சோதித்தோம். அருமையான சாஃப்ட்வேர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது மிகவும் தாராள மனசுக்காரர். ஐஎஃப்எஸ்சி கோடுக்குப் பதினொரு எழுத்து என்று கட்டம் வைத்தால், பன்னிரண்டு எழுத்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். கண்டிப்பான டேபிள் என்ற வசதி அதில் 2021-இல்தான் வந்தது, அதையும் நாம் கேட்டு வாங்க வேண்டும். ஒரு டேபிளில் உள்ள எண் இன்னொரு டேபிளில் இருந்தே ஆகவேண்டும் என்ற ஃபாரின் கீ சோதனையையும் நாம் சொன்னால்தான் செய்யும். போஸ்ட்கிரஸ் இதில் எதையும் விடாது. தாராளமானவரிடம் பாஸ் ஆகிவிட்டு, கறாரானவரிடம் போய் நின்றால் என்ன ஆகும்? இப்போது டாக்கர் இருக்கிறது. உண்மையான போஸ்ட்கிரஸைச் சில நொடியில் ஏற்றி, டெஸ்ட் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம்.

மூன்றாவது, ஒவ்வொரு டெஸ்டும் தனக்கு வேண்டிய டேட்டாவைத் தானே போட்டுக்கொண்டு, முடிந்ததும் வந்த சுவடு தெரியாமல் போக வேண்டும். எங்கள் ஆரம்ப டெஸ்ட்கள் எல்லாம் ஒரே பொதுவான டேட்டாவை நம்பி இருந்தன. ஒருவர் ஒரு வரியை மாற்றினால், சம்பந்தமே இல்லாத பதினைந்து டெஸ்ட் விழும். ஹாஸ்டலில் பொது பக்கெட் வைத்திருந்த கதை உங்களுக்கே தெரியும். இதற்கு வழி, டிரான்ஸாக்ஷனைத் தொடங்கி, டேட்டாவைப் போட்டு, சோதித்துவிட்டு, கமிட் செய்யாமல் ரோல்பேக் செய்துவிடுவது. பலகையில் எழுதிப் பார்த்து அழித்துவிடுவது மாதிரி.

இதில் மூன்று இடத்தில் நான் வழுக்கி விழுந்தேன். ஒன்று, ரசீது எண் தரும் சீக்வென்ஸ் ரோல்பேக் செய்தாலும் பின்னால் போகாது. 'முதல் ரசீது எண் 1' என்று டெஸ்ட் எழுதினால் மறுமுறை ஓட்டும்போது சிவப்பாகும். இரண்டு, சோதிக்கும் கோடுக்குள்ளேயே கமிட் இருந்தால் இந்த ரோல்பேக் பலிக்காது. கமிட் செய்யும் பொறுப்பை வெளி அடுக்குக்குக் கொடுத்துவிட வேண்டும். மூன்று, கமிட் நேரத்தில்தான் சரிபார்ப்பேன் என்று தள்ளிவைக்கப்பட்ட கட்டுப்பாடுகளும் உண்டு. கமிட்டே செய்யாத டெஸ்டில் அவை விழிக்கவே மாட்டா. அவற்றை உடனே சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

நான்காவது, நல்ல டேட்டாவை விடக் கெட்ட டேட்டாவுக்கு அதிகம் டெஸ்ட் எழுதுங்கள். காலியாக வந்தால்? ஒரே ஆள் இரண்டு தடவை வந்தால்? யாருமே வராவிட்டால்? ஒரே நாளில் புரோகிராமை இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு மடங்கு பணம் போகுமா? கடைசிக் கேள்விக்கு, உறுப்பினர் எண்ணும் கணக்குக் காலமும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று டேபிளிலேயே கட்டுப்பாடு போட்டோம். இரண்டாவது தடவை டேட்டாபேஸ் மறுக்கிறதா என்று டெஸ்ட் எழுதினோம். பால் பதிவாகியிருந்து பட்டியலில் பெயர் பூஜ்யம் என்றால், 'வெற்றிகரமாக' என்று சொல்லாமல் நின்றுவிட வேண்டும் என்றும் எழுதினோம்.

இப்படிச் செய்தால் டெஸ்ட் மெதுவாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகும்தான். டேட்டாபேஸைத் தொட்டால் அது யூனிட் டெஸ்டே இல்லை என்று சொல்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். பெயரை எப்படி வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். எங்களிடம் கணக்கு டெஸ்ட் நிறைய, அவை இரண்டு மூன்று நொடியில் முடியும். டேட்டாபேஸ் டெஸ்ட் குறைவு, அவை ஒரு நிமிடம் எடுக்கும். ஒரு டீ ஆற்றுகிற நேரம். போலிகளையும் அடியோடு விட்டுவிடவில்லை. வங்கிக்கு அனுப்புவது, எஸ்எம்எஸ் அனுப்புவது போன்ற நம் கையில் இல்லாத இடங்களுக்குப் போலிதான் சரி. டெஸ்ட் ஓட்டும்போதெல்லாம் பாட்டிக்கு எஸ்எம்எஸ் போகக் கூடாதே!

டெஸ்ட் எழுதிவிட்டால் தப்பே வராது என்றும் நான் சொல்லவில்லை. சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், பிழையே இல்லை என்று காட்ட முடியாது என்று டைக்ஸ்ட்ரா 1970-லேயே எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் நான் தப்பு செய்திருக்கிறேன். ஆனால் அதே தப்பை இரண்டாம் முறை செய்யவில்லை. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு டெஸ்ட் காவலுக்கு நிற்கிறது.

தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும்போது நூலகம், ஹாஸ்டல், வருகைப்பதிவு என்று ஏதோ ஒரு டேட்டாபேஸ் வைப்பீர்கள். டெமோவுக்கு முந்தின நாளாவது, நிஜ டேட்டாபேஸில் மூன்று கெட்ட வரி போட்டு ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்கள். சங்கத்தின் சார்பில், வரும் பருவத்தில் இரண்டு சனிக்கிழமை இதை லேபில் உட்கார்ந்து சொல்லித்தர என் வகுப்பு நண்பர்கள் இருவரும் நானும் சம்மதித்திருக்கிறோம். உங்கள் புராஜெக்டையே கொண்டு வாருங்கள், அதற்கே எழுதுவோம். சாரையும் அழைத்திருக்கிறோம். கீபோர்டை அவர் பக்கம் நகர்த்திவிடுவது என் பொறுப்பு.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் எல்லோருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. பாட்டிக்கு 1,840 ரூபாய். சந்தை முடிந்துபோயிருந்தது. உள்ளூர்க் கடையில் கூடுதல் விலைக்குப் புண்ணாக்கு வாங்கினதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் கூடுதல் காசு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அது நான் தரவேண்டிய பாக்கி.